மதியமானால் உறுமும் கணினி

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒற்று அக்கா என்றுதான் சொல்வோம். இருபத்திரண்டு வயதில் மெய்ப்புத் திருத்துபவராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, முதல் பக்கத் தலைப்பில் ஒரு 'க்' விட்டுப்போயிருக்கிறது என்று அச்சுக்குப் போன பக்கத்தை நிறுத்தியவர். ஆசிரியர் அன்று கோபத்தில், "ஒரு ஒற்றுக்காகவா?" என்று கேட்க, "ஒற்றுக்காகத்தான் சார்" என்றாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. பேருந்து நடத்துநரின் மகள். அப்பாவோடு சும்மா போய்வந்த பயணங்களில் கடைப் பலகைகளைப் படித்துப் படித்தே எழுத்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அதில் பாதிப் பலகைகள் பிழையானவை என்றும் சேர்த்துச் சொல்வார்.

இருபது வருடம் விளம்பரப் பக்கங்களின் மெய்ப்பைப் பார்த்தார். பிறகு பத்திரிகை மெல்ல மெல்லத் திரைக்குப் போனது. திருத்துவோர் எட்டுப் பேரில் ஆறு பேரை அனுப்பிவிட்டார்கள். மிஞ்சிய இருவரில் அக்காவை மாடிக்கு மாற்றி, இணையப் பக்கத்தில் வரும் விளம்பரங்களைச் சோதிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். நான் அப்போது செய்திப் பிரிவில், அவருக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும். வீட்டில் நடந்ததெல்லாம் அவர் வாயால் கேட்டது.

முதல் நாள் அக்கா திரையைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காகிதத்தில் விளம்பரம் சொன்ன இடத்தில் நிற்கும். இங்கே மெத்தை குதித்தது. டயர் உருண்டு ஓடி மறுபக்கமாகத் திரும்பி வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. "இதுல எழுத்து நிக்கவே மாட்டேங்குதே, எதைப் பிடிச்சுத் திருத்துறது?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

தொழில்நுட்பப் பிரிவின் தலைவருக்கு முப்பத்தைந்து வயது. எதைக் கேட்டாலும் சர்வரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். அதனால் சர்வர் தம்பி. ஒரு முறை வாசலில் நின்ற விருந்தாளி அந்தப் பெயரைக் கேட்டு அவரிடம் இரண்டு காபி சொல்லிவிட்டார். அந்தத் தம்பிதான் அக்காவுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தார். விளம்பரம் ஒவ்வொன்றையும் தனியாகத் திறக்க வேண்டும். எழுத்தைப் பார்க்க வேண்டும். கோப்பின் எடை அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு திரையின் மூலையில் ஓர் எண் தெரியும்; கணினி எவ்வளவு உழைக்கிறது என்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று அது காட்டும். பத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்ப வேண்டும். தாண்டாவிட்டால் விடலாம். படிக்கிறவருடைய கணினியை நம் விளம்பரம் மூச்சுத் திணற வைத்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்தச் சோதனை.

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எண் பதினொன்று காட்டியதற்காகப் பெரிய துணிக்கடையின் விளம்பரத்தையே மூன்று முறை திருப்பி அனுப்பினார். ஆனால் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் மாட்டார்.

ஆறேழு மாதம் கழித்துப் புகார்கள் வரத் தொடங்கின. உங்கள் பக்கத்தைத் திறந்தால் என் கணினி உறுமுகிறது என்று ஒருவர். உள்ளே மாவு மில் ஓடுகிறது என்று இன்னொருவர். பத்திரிகையா நடத்துகிறீர்கள், வைரஸ் வியாபாரமா என்று மூன்றாமவர். அதே வாரத்தில், உங்கள் பக்கம் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று பாராட்டி நான்கு கடிதங்களும் வந்தன. அக்கா எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துவிட்டு இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தார். ஒரே பக்கம். ஒருவருக்கு இறகு, ஒருவருக்கு அம்மிக்கல்.

அவர் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். ஓடிக்கொண்டிருந்த அறுபத்து நான்கு விளம்பரங்களையும் மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நான்கு, ஐந்து, மூன்று, ஆறு. எதுவும் பத்தைத் தொடவில்லை. சர்வர் தம்பியும் தன் கணினியில் பக்கத்தைத் திறந்தார், மூடினார், திறந்தார். சத்தமே இல்லை. "அவங்க மெஷின் பழசா இருக்கும் அக்கா. நாம என்ன பண்ண முடியும்" என்று போய்விட்டார்.

மெய்ப்பில் பிழையே இல்லை, வாசகர் கையில் போன பிரதியில் மட்டும் பிழை இருக்கிறது என்றால் அது எப்படி என்று அன்று மாலைவரை என்னைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தார். இருபது வருடத்தில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

இந்தக் குழப்பம் போதாதென்று வீட்டிலும் ஒன்று.

அக்காவின் கணவர் கட்டட வரைபடம் போடுகிறவர். ஒரு பொறியாளர் அனுப்பும் குறிப்புகளை வைத்து, வீட்டின் முன்னறையில் கணினியில் வரைந்து தருவார். அதிகம் பேசாத மனிதர். அளவு கேட்டால் மட்டும் வாய் திறப்பார் என்று அக்கா கேலி செய்வார். அவருடைய கணினி சில மாதமாக மதியமானால் உறுமத் தொடங்கியது. காலையில் சாதுவாக இருக்கும். பன்னிரண்டு மணிக்கு விசிறிச் சத்தம் எழும். ஒரு மணிக்குள் கோடு இழுத்தால் கோடு அரை நிமிடம் கழித்து வரும். பிறகு திரை உறைந்துவிடும். அணைத்துப் போட்டால் சரியாகும். ஒருநாள் அப்படி உறைந்ததில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டு முழுவதும் போய்விட்டது. அன்று சாயங்காலம் அக்கா வீடு திரும்பியதும் அவர் சொன்ன ஒரே வாக்கியம், "மாடி இருக்கு, ஏறத்தான் வழியில்லை."

ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் தூசி என்றாள். பெயின்ட் பிரஷ் வைத்துத் தூசி தட்டினார்கள். மேஜையை ஜன்னலிலிருந்து நகர்த்தி வெயில் படாத மூலையில் போட்டார்கள். கணினி பழுது பார்ப்பவர் தூக்கிக்கொண்டு போய் இரண்டு நாள் தன் கடையில் ஓடவிட்டுப் பார்த்தார். காலை முதல் இரவு வரை பூனை மாதிரி இருந்ததாம். உங்கள் வீட்டு மின்சாரத்தில்தான் கோளாறு என்று சொல்லித் திருப்பித் தந்தார். மின்சாரம் பார்ப்பவர் வந்தார். சுவரைத் தட்டி, கம்பியைத் தொட்டு, கோளாறு கணினியில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைவிட விசித்திரம், அக்கா விடுமுறையில் வீட்டிலிருக்கும் நாளில் அது உறுமாது. ஒரு தடவைகூட உறுமியதில்லை. அதே கணவர், அதே மேஜை, அதே வரைபடம். அக்கா ஒரு விடுமுறை நாள் முழுவதும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மாலை ஆறு வரை மூச்சுவிடவில்லை. உன்னைக் கண்டால் அதுவும் அடங்கிவிடுகிறது என்று கணவர் சொன்னாராம். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தில் அவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது. வீட்டிலும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது. தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கண் டாக்டரிடம்கூடப் போய்வந்தார். கண் நன்றாக இருந்தது. அது இன்னும் குழப்பியது.

அப்போதுதான் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். இளம்பெண்ணின் குரல். காத்திருப்பவர்கள் செய்தி பார்க்கட்டும் என்று வரவேற்பறைத் திரையில் எங்கள் பக்கத்தைத் திறந்து வைப்பார்களாம். டாக்டரின் முன்பதிவுப் பட்டியலும் அதே கணினியில்தான். அன்று பட்டியல் உறைந்துபோய், ஒரே நேரத்துக்கு மூன்று பேர் வந்து வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். உங்கள் கணினி பழசாக இருக்கும் என்ற வழக்கமான பதிலை அக்கா சொல்லி வைக்கப் போனார். அதற்குள் அந்தப் பெண் சொன்னார்:

"காலையில நல்லாத்தான் இருக்கு மேடம். மதியம் ஆனாத்தான் செத்துப்போகுது."

அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், நடுவில் மூடுவீர்களா என்று கேட்டார். ஒன்பது மணிக்குத் திறந்தால் மூடுவதே இல்லை என்றார் அந்தப் பெண். உறைந்த பிறகு அணைத்துப் போட்டால் மாலை வரை ஓடும், சில நாள் மாலையிலும் உறையும்.

தன் வீட்டுக் கணினிக்கும் பல் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. எங்கள் அலுவலகத்தில் யாருமே ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருந்ததில்லை. திறப்போம், பார்ப்போம், மூடுவோம்.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு அக்கா பக்கத்தைத் திறந்தார். திரையின் மேல் 'மூட வேண்டாம்' என்று பெரிதாக எழுதிய தாளை ஒட்டினார். அரை மணிக்கு ஒரு தரம் மூலையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டார். முதலில் ஐந்து. பத்து மணிக்குள் இருபது. பதினொன்றுக்கு ஐம்பது. யாரும் எதையும் தொடவில்லை, பார்வைக்கு அதே ஒரு விளம்பரம்தான் ஆடிக்கொண்டிருந்தது, எண் மட்டும் ஏறியது. பன்னிரண்டரைக்கு விசிறி ஊளையிட்டது. எங்கள் வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அக்கா ஓடிப்போய்ச் சர்வர் தம்பியைக் கையோடு அழைத்து வந்தார். அவர் வந்த வேகத்தில், பழக்க தோஷத்தில், பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினார். எண் சடாரென்று ஐந்துக்கு இறங்கியது. விசிறி அடங்கியது. "எங்க அக்கா? நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"நாடி பிடிக்கச் சொன்னா குளிப்பாட்டி விட்டுட்டீங்களே தம்பி" என்றார் அக்கா. குரலில் அழுகை இருந்தது.

அதற்கடுத்த நாள் மீண்டும் ஒன்பது இருபதிலிருந்து ஆரம்பம். இந்த முறை அக்கா இடத்தைவிட்டு எழவே இல்லை. என் கையால்தான் அவருக்குத் தண்ணீர் போயிற்று. பன்னிரண்டரைக்குத் தம்பி வந்தபோது, தொடக் கூடாது, கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும் என்று அவருடைய இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு பொத்தான் ஒவ்வொன்றையும் தம்பி சொல்லச் சொல்ல அக்காவே அழுத்தினார். பக்கத்துக்குள் என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியல் திரையில் விரிந்தது. தம்பி குனிந்து எண்ணினார். ஒரு முறை எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார்.

"இருபது இருக்கு அக்கா. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருக்கு."

விஷயம் இதுதான். பக்கத்தில் விளம்பரத்துக்கென்று ஒரு கட்டம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கட்டத்தில் புது விளம்பரம் வந்து உட்காரும். புதியது வரும்போது பழையது எழுந்து போக வேண்டும். போகவில்லை. புதியது அதன் தலைமேல் உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்கு மேலே இருப்பது மட்டும்தான் தெரியும். அடியில் மெத்தை குதிக்கிறது, டயர் உருள்கிறது, பனி கொட்டுகிறது, யாரும் பார்க்காமல், நிற்காமல். ஒவ்வொன்றும் ஐந்து. ஐந்து நிமிடம் படித்துவிட்டு மூடுகிறவருக்கு ஒரே ஒரு விளம்பரம்தான். அவருக்குப் பக்கம் இறகு. திறந்தே வைத்திருப்பவருக்கு மூன்று மணி நேரத்தில் இருபது. ஐயிருபது நூறு.

யார் தவறு என்று விசாரிக்கப் போனால் அது இன்னொரு சுழல். கட்டத்தை எழுதியவர் வேலையைவிட்டுப் போய்ச் சில மாதம் ஆகிவிட்டது. விளம்பரம் செய்து தருகிறவர்கள், எங்களுடையது ஐந்துதானே என்றார்கள். அது உண்மை. சர்வர் தம்பி, அவர் எழுதிக் கொடுத்ததைத்தானே நான் போட்டேன் என்றார். அதுவும் உண்மை. அக்கா, விட்டது நான்தானே என்றார். எல்லோர் பேச்சும் சரியாக இருந்தது, கணினி மட்டும் உறைந்துகொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்காவுக்கு ஒரே கேள்வி. பல் மருத்துவமனை சரி. என் வீட்டுக் கணினி எதற்கு உறும வேண்டும்? கணவர் செய்தி படிக்கிறவரே அல்ல. தேர்தல் முடிவுகூட அக்கா சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

போனதும் கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டார். "என்னங்க, நான் ஆபீஸ் போனதும் எங்க பேப்பரைத் திறந்து வெக்கிறீங்களா?"

கணவர் ஸ்கேலைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு, மூலையில சின்னதா வெச்சிருப்பேன் என்று ஒப்புக்கொண்டார். படிக்கிறீர்களா என்றதற்கு இல்லை என்றார். பின்னே எதற்கு என்று கேட்டபோது ஸ்கேலை மேஜையில் வைத்தார்.

"ஆறு பேரை அனுப்பினப்ப நீதானேம்மா சொன்னே, பாக்குற ஆளு கொறஞ்சா உங்க பக்கத்தையே மூடிடுவாங்கன்னு. அதான் ஒரு ஆளு கூட இருக்கட்டுமேன்னு."

தினமும் காலையில் அக்கா தெருமுனை திரும்பியதும் திறந்துவிடுவாராம். அவர் திரும்பி வரும் நேரத்துக்கு முன்னால் மூடிவிடுவாராம். தெரிந்தால் கேலி செய்வார் என்று, அக்கா வீட்டிலிருக்கும் நாளில் திறப்பதில்லை. ஏழெட்டு மாதமாக.

அக்காவுக்குக் கோபப்படுவதா, கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. என்னிடம் இதைச் சொன்னபோதும் தெரியாமல்தான் சொன்னார். மூன்று மாடிக்கும் படிக்கட்டு போனது தன் வேலைக்காகக் கணவர் வைத்த ஒரு ஆளால். அந்த ஆளைத் திணறடித்தது, தானே சரி என்று விட்ட விளம்பரங்கள். "யாரு யாரைக் காப்பாத்துனது, யாரு யாரைக் கெடுத்ததுன்னு கணக்கே வரமாட்டேங்குது" என்று சொல்லி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

சர்வர் தம்பி இரண்டு நாளில் கட்டத்தைத் திருத்தினார். புதியது வந்தால் பழையது போய்விடும். அரை மணி நேரம் யாரும் தொடாத பக்கத்துக்குப் புது விளம்பரம் வராது. அக்கா தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார். எந்த விளம்பரமும் முப்பது நொடிக்கு மேல் ஆடக் கூடாது. ஆடி முடித்ததும் காகித விளம்பரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். விதிகளை நான்கே வரியில் அவரே எழுதி, எல்லா விளம்பர நிறுவனங்களுக்கும் அனுப்பினார். உரம் விற்கும் நிறுவனத்தின் விளம்பரத்தைச் செய்தவர் தொலைபேசியில் சண்டைக்கு வந்தார். முப்பது நொடிக்குள் எப்படி மழை பெய்து, பயிர் முளைத்து, கதிர் முற்றும் என்று கேட்டார். மழையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் அக்கா.

புகார்கள் நின்றன. அதோடு இன்னொன்றும் நடந்தது. மாதக் கடைசியில் ஆசிரியர் அக்காவை அறைக்கு அழைத்தார். விளம்பரங்களைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு விழுந்திருந்தது. ஆளில்லாத அறைகளில் திறந்து கிடந்த பக்கங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புது விளம்பரம் வாங்கிக்கொண்டபோது, அவையெல்லாம் பார்வையாகக் கணக்கில் ஏறியிருந்தன. இப்போது ஏறவில்லை.

"யாரும் பாக்காததைப் பாத்ததா எண்ணிட்டு இருந்தோம். அதை நீங்க நிறுத்திட்டீங்க. உங்களைப் பாராட்டணுமா திட்டணுமான்னு எனக்குத் தெரியலைம்மா" என்றார் ஆசிரியர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியலை சார். ஆனா பிழையைப் பாத்துட்டு விட முடியாதுல்ல" என்றார் அக்கா.

ஆசிரியர் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. அடுத்த மாதம் அக்காவின் மேஜைக்கு இன்னும் மூன்று கணினிகள் வந்தன. எல்லாம் எங்கிருந்தோ பொறுக்கி வந்த பழைய கணினிகள். புது விளம்பரம் எது வந்தாலும் அவற்றில் ஒரு நாள் முழுக்க ஓடிய பிறகுதான் வெளியே போக வேண்டும் என்று உத்தரவு. அக்காவுக்கு நீளமான ஒரு பதவிப் பெயரும் தந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். ஆசிரியரிடமே கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார், தலைமையகத்திலிருந்து வந்த பெயர், எனக்கும் விளங்கவில்லை என்றாராம்.

கணவர் படிக்கட்டை மறுபடி வரைந்து முடித்தார். மகள் விஷயம் தெரிந்து இரண்டு நாள் சிரித்தாள்.

சில வாரம் கழித்துப் பல் மருத்துவமனையிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டார். நான் அக்காவின் மேஜையோரம் நின்றிருந்தேன். இந்த முறை அவர் குரலில் வேறொரு பயம் கேட்டது. மாலை ஐந்து மணி ஆகிவிட்டது, கணினியிலிருந்து சத்தமே இல்லை, விசிறி செத்துவிட்டதா என்று கேட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று அக்காவுக்கு அன்றும் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"காத்து வருதா?"

லேசாக வருகிறது என்றார் அந்தப் பெண்.

"அப்ப உயிரோடதான் இருக்கு. விடுங்க" என்று சொல்லி ரிசீவரை வைத்தார் அக்கா.